140-க்கு ஆசைப்பட்ட பேராண்டிக்கு

போடுடா பேராண்டி, தாராளமாப் போடு. உங்கப்பன் சீட்டுப் புடிச்சு வாங்குன ஸ்பிளெண்டருக்கு எஃப்ஸட் வண்டியோட பின்சக்கரத்தை மாட்டணும்ங்கிற. மாட்டு. யாரு தடுக்கா? வாடகைச் சைக்கிள் கடை வச்சிருந்த கெழவனுக்குப் பைக்கைப் பத்தி என்ன தெரியும்னு டீக்கடையில சொன்னியாமே, அதுவும் நெசந்தான். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி, ரிம்மு 28 இன்ச்சு. ஹெர்குலிஸ்ல கழட்டுன சக்கரத்தை அட்லஸ்ல மாட்டுவோம், அட்லஸ்ல கழட்டுனதை ராலேயில மாட்டுவோம். சொன்ன பேச்சுக் கேட்டு உக்காரும். அந்தக் கெட்ட பழக்கத்துல வளந்துட்டதால, சக்கரம்னா ஒழுங்கா உக்காரணும்னு எனக்கு ஒரு மூடநம்பிக்கை. நீ படிச்ச பிள்ளை. அதெல்லாம் பாக்காத.

சரி, என்ன டயரு அது? 140/60-17. நல்ல டயருதான், குத்தம் சொல்ல மாட்டேன். 2008-ல எஃப்ஸட் வந்தப்ப ஊரே வாயைப் பொளந்து பாத்தது அதைத்தான். ஆனா அந்த எழுத்தை என்னைக்காவது நிதானமா உக்காந்து வாசிச்சிருக்கியா? 140-ங்கிறது அகலம், மில்லிமீட்டர்ல. 60-ங்கிறது அந்த அகலத்துல நூத்துக்கு அறுபது பங்கு ஒசரம், அதாவது ரிம்முக்கு மேல 84 மில்லி ரப்பர். 17-ங்கிறது ரிம்மோட இன்ச்சு. இப்ப உங்கப்பன் டயரைக் குனிஞ்சு பாரு. 2.75-18. இது பழைய காலத்து எழுத்து. அகலம் ரெண்டே முக்கால் இன்ச்சு, ஒசரமும் ஏறக்குறைய அம்புட்டே.

இப்பக் கூட்டிப் பாரு. கால்குலேட்டர்தான் கையிலயே வச்சிருக்கியே. 17 இன்ச்சு ரிம்மு 432 மில்லி, மேல 84, கீழ 84, ஆக மொத்தம் 600. உங்கப்பன் சக்கரம் 457, மேல 70, கீழ 70, ஆக 597. மூணே மூணு மில்லி! இதுக்குத்தான் நீ ரெண்டு மாசமா வீட்டுல சோறு திங்காம முறைச்சுக்கிட்டு இருக்க. அகலம் மட்டும் எழுபது போயி நூத்திநாப்பது, அச்சு அசலா ரெட்டிப்பு. ஒசரமும் கூடாது, வேகமும் கூடாது, பருமன் மட்டும் பெருக்கும். பதவி கெடைச்ச மறுவருசம் நம்ம ஊர்ப் பெரிய மனுசங்களுக்கு ஆகுமே, அந்த மாதிரி.

இன்ஜினும் ஒண்ணும் சொல்லாது. பாவம், அது வாயில்லா ஜீவன். அந்தப் பழைய எஃப்ஸட் இன்ஜின் 153 சிசி. உன்னுது 100 சிசின்னு சொல்லிக்கிறோமே தவிர, கம்பெனிக் கணக்குல 97.2. முக்கால் மூட்டை தூக்குறவன் முதுகுல ஒண்ணேகால் மூட்டையை வச்சா என்ன ஆகும்? தூக்குவான், தூக்க மாட்டான்னு சொல்லல. பாலம் ஏறும்போது ரெண்டாவது கியருக்கு வந்து நிப்பான். உங்கப்பன் பெட்ரோல் பங்குல நின்னு லிட்டருக்கு இம்புட்டுக் குடுக்குதுன்னு பெருமை பேசுவான் பாரு, அந்தப் பெருமையை மட்டும் அவன் விட்டுக்குடுக்கணும். பெத்த பிள்ளைக்காக அதுகூடச் செய்ய மாட்டானா?

இன்னொரு சௌகரியமும் இருக்கு. நம்மூரு கரிசல் காடு. ஐப்பசி மழை ரெண்டு ஒழவு பேஞ்சா, வண்டிப்பாதை எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். செருப்போட கால் வச்சா கால் மட்டும்தான் திரும்பி வரும். உங்கப்பன் டயருக்கும் அதைத் தாங்குற ஸ்விங் ஆர்முக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் விரல் விட்டு ஆட்டலாம். மண்ணு ஒட்டும், கொஞ்ச தூரத்துல தானா உதிரும். நீ மாட்டப் போற டயருக்கும் ஆர்முக்கும் நடுவுல தீப்பெட்டி அட்டை போகாது. ஒட்டுன மண்ணு அப்பி அப்பி, மட்கார்டு வரைக்கும் அடைச்சு, சக்கரம் கல்லு மாதிரி நின்னுரும். அதனால என்ன? எறங்கி, கருவேலங்குச்சி ஒடிச்சு, குத்திக் குத்தி எடுக்கலாம். உடம்புக்கு நல்லது. ஜிம்முக்குக் காசு கட்ட வேண்டாம்.

பட்டறைக்காரன் என்ன சொன்னான்? "ஒரு புஷ் கடைஞ்சு போட்டா உக்காந்துரும்ணே"ன்னு சொல்லிருப்பானே. லேத் பட்டறை இருக்குற ஊர்ல உக்காராத சக்கரம் ஏது? ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. உன் வண்டி ஆக்ஸில் எம்புட்டுத் தடி, அந்தச் சக்கரத்து நடு ஓட்டை எம்புட்டுன்னு வெர்னியர் வச்சுப் பாத்தீங்களா? பாக்கல. கண்ணாலயே பாத்தீங்க. சரிதான், கண்ணு இருக்கிறதே பாக்கத்தானே.

இங்க வா, இதைக் கையில புடி. பழைய பேரிங்தான், கடிக்காது. பக்கவாட்டுல என்ன எழுதிருக்கு? 6202. கடைசி ரெண்டு எழுத்து உள்ளோட்டை. 00-ன்னா 10 மில்லி, 01-ன்னா 12, 02-ன்னா 15, 03-ன்னா 17. அதுக்கு மேல 04-ல இருந்து அஞ்சால பெருக்கிக்கோ. பெறவு முன்னால 62-ன்னா ஒரு தடிமன், 63-ன்னா அதைவிடப் பருமன். இப்ப உன் ஆக்ஸில் 12-ன்னு வையி, வாங்குன சக்கரத்துல 15 ஓட்டை 6202 உக்காந்திருக்குன்னு வையி. அந்தப் பேரிங்கோட வெளிச்சுத்து 35 மில்லி. 12 ஓட்டைக்கு 6201 வாங்குவியா? அது வெளிச்சுத்து 32, ஹப்புக்குள்ள கெடந்து லொடலொடங்கும். 6301 வாங்குவியா? அது 37, சுத்தியல் போட்டு அடிச்சாலும் ஏறாது. சரியா 35-ல ஒண்ணு இருக்கு, 6300. அதுக்கு உள்ளோட்டை 10. உன் ஆக்ஸில் நுழையாது. பாத்தியா, ஒரு ரூபாய் அகலம்கூட இல்லாத எடத்துல எப்படி மாட்டிக்கிட்டோம்! இதனாலதான் புஷ் கடையச் சொல்றான். 12-க்கும் 15-க்கும் நடுவுல செவுரு ஒண்ணரை மில்லி. அந்த ஒண்ணரை மில்லிக் குழாய் மேலதான் நீயும், உன் பின்னால உக்காரப் போற பிள்ளையும், ரேஷன் அரிசி மூட்டையும் ஏறணும். நல்ல ஸ்டீலா, அளவு பிசகாம கடைஞ்சா தாங்கும். கெடைச்ச தண்ணிப் பைப்பை அறுத்துப் போடுற ஆளும் இருக்கான். உன் பட்டறைக்காரன் எந்த ரகம்னு உனக்குத் தெரியாதா என்ன?

ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல உள்ளுக்குள்ள ஒரு குழாய் கெடக்கும், பாத்திருக்கியா? காலர்ம்பாங்க. மாத்துறவன் அடிக்கடி தொலைக்கிற சாமான் அதுதான். அது இல்லாம ஆக்ஸில் நட்டை முறுக்குனா, ரெண்டு பேரிங்கோட உள்வளையமும் ஒண்ணை நோக்கி ஒண்ணு நெருக்கும். சக்கரம் சுத்தாம கனக்கும். உடனே நம்மாளு என்ன செய்வான்? நட்டைக் கொஞ்சம் லூசு பண்ணி விட்டுட்டு "இப்பப் பாருங்க, சும்மா வழுக்குது"ம்பான். வழுக்கும். ஒருநாள் சாத்தூர் தாண்டி நாலுவழிச் சாலையில நீ ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமா வழுக்கும்.

சரி, நல்ல விசயம் பேசுவோம். பிரேக்கு. அந்தப் பழைய எஃப்ஸட்டுக்குப் பின்னால டிரம் பிரேக்குதான், உனக்கும் டிரம்முதான், அதனால பொருந்திரும்னு நெனைச்சிருப்ப. டிரம்மை மூடுற தட்டு ஒண்ணு இருக்கே, பிரேக் பிளேட்டு, அதை ஸ்விங் ஆர்மோட சேத்துப் புடிச்சு நிறுத்த ஒரு கம்பி போகும். பாக்கச் சாதாரணமா இருக்கும். நீ பிரேக்கை மிதிச்சா, சக்கரம் அந்தத் தட்டையும் கூடவே சுத்த வைக்கப் பாக்கும். சுத்த விடாம புடிச்சுக்கிறது அந்த ஒரு கம்பிதான். வேற வண்டிச் சக்கரத்தை மாட்டும்போது அது எட்டாது, இல்ல நீளும். "பெறவு பாத்துக்கலாம்"னு கட்டுக்கம்பி சுத்தி அனுப்புனவனை நான் என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன். கட்டுக்கம்பி அத்துச்சுன்னா, தட்டு சக்கரத்தோட சேந்து சுத்தி, பிரேக் ராடைச் சுருட்டி இழுத்து, ஓடுற ஓட்டத்துல சக்கரத்தைப் பூட்டிரும். இந்த ஒரு எடத்துல மட்டும் நான் கேலி பேசலடா ராசா. மத்ததெல்லாம் காசு நட்டம்.

செயினுக்கு வா. உன்னுது மாதிரி சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 428 செயின், புல்லட்டுக்கு 530. ஒண்ணுல பல்லுக்குப் பல்லு அரை இன்ச்சு, இன்னொண்ணுல 5/8 இன்ச்சு. மாத்தி மாட்டவே முடியாதுங்கிறதால அதுல யாரும் ஏமாற மாட்டாங்க. ஏமாறுறது செயின் நேர்ல. இன்ஜின் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டுல நிக்கணும். பெரிய டயரு செயினை உரசுதுன்னு பல்சக்கரத்துக்கு அடியில ஒரு வாஷரு, பெறவு இன்னொரு வாஷரு போட்டு வெளிய தள்ளுவான். செயின் சாஞ்சு ஓடும், பல்லு ஒரு பக்கமாத் தேயும், ராத்திரியில நீ தெருவுக்குள்ள வந்தா சத்தத்தை வச்சே உங்காத்தா கதவைத் திறந்துரும். ரெண்டு டயரு ஓரத்துலயும் ஒரு நூலை இழுத்துப் புடிச்சுப் பாத்தா, சக்கரம் கோட்டுல இருக்கா, கோணையா நிக்குதான்னு குழந்தைகூடச் சொல்லிரும். ஆனா நூல் புடிச்சுப் பாக்கிறதெல்லாம் சைக்கிள்கடைப் பழக்கம். உனக்குக் கௌரவக் கொறைச்சல்.

உன் பெரியம்மா மகனைப் பாத்தாவது கத்துக்கக் கூடாதா? புல்லட்டுக்கு 17 இன்ச்சு அலாய் போட்ருக்கான். அந்தப் பழைய புல்லட்டுக்கு ரெண்டு பக்கமும் 3.25-19 டயரு, 40 கம்பி. நின்னா 648 மில்லி. இவன் போட்டது 110/80-17, 608 மில்லி. வண்டி ரெண்டு சென்டிமீட்டர் குனிஞ்சு போச்சு. இப்ப சைடு ஸ்டாண்டு போட்டா வண்டி சாயாது, விறைப்பா நிக்கும். தெரு நாய் வந்து உரசுனா அந்தப் பக்கமா விழுந்துரும். மீட்டரு ஓட்டம் முன்சக்கரத்துல இருந்து போறதால, சின்னச் சக்கரம் அதிகமாச் சுத்தி, 60-ல போனா 64-ன்னு காட்டுது. நூறு கிலோமீட்டர் போனா நூத்தியாறு. "அலாய் போட்டதுல இருந்து மைலேஜ் கூடிருச்சு"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான். நான் ஏன் அந்தச் சந்தோசத்தைக் கெடுக்கணும்? விக்கும்போது மீட்டர்ல ஓடாத கிலோமீட்டரும் சேத்து ஓடியிருக்கும், அன்னைக்கு வெலை பேசுறவன் சொல்லிக்குவான்.

முன்சக்கரத்தை மட்டும் சின்னதாக்குனா இன்னும் விசேசம். முன்னால தாந்து, ஃபோர்க்கு செங்குத்தா நிமுந்து, ஹேண்டில்பாரு சிலுசிலுன்னு திரும்ப ஆரம்பிச்சிரும். ஊருக்குள்ள சந்துல வளைக்கிறப்ப சொகமா இருக்கும். எண்பதுல போறப்ப எதுத்தாப்புல லாரி காத்து அடிச்சாத்தான் தெரியும். கம்பெனிக்காரன் சாய்மானம் வச்சது பொழுது போகாமலா?

புது வண்டியில கைவைக்கிற உன் கூட்டாளிங்ககிட்டயும் ஒரு சேதி சொல்லிரு. 2019 ஏப்ரலுக்குப் பெறவு 125 சிசிக்கு மேல வந்த வண்டி எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரத்துல ஓட்டை ஓட்டையா ஒரு வளையம் இருக்கும், அதைப் பாத்துத்தான் ஏபிஎஸ் பொட்டி சக்கரம் சுத்துதா, பூட்டிக்கிச்சான்னு கணக்குப் போடும். வேற வண்டிச் சக்கரத்துல வளையமே இல்லன்னா மீட்டர்ல மஞ்ச வெளக்கு எரியும். கார்த்திகை தீபம்னு நெனைச்சுக்க வேண்டியதுதான்.

சட்டம்? அதையும் கேட்டுட்டுப் போ. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிச்சவன் குறிச்ச விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு இருக்கு. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லிருச்சு. அதே வருசம் திருத்தத்துல, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். "எல்லாரும்தான போட்ருக்காங்க"ன்னு நீ சொல்லுவ. புடிபட்டவனும் அதைத்தான் சொன்னான். போலீசுக்காரன்கூட விட்ருவான், விபத்துன்னு ஒண்ணு ஆனா இன்சூரன்ஸ்காரன் டயரை டேப்பு வச்சு அளப்பான் பாரு, அவன் உன்னை மாதிரி கண்ணால பாக்க மாட்டான்.

நான் எல்லாத்தையும் கொறை சொல்றவன்னு நெனைச்சிராத. அலாய்ல ஒரு நல்லது இருக்கு, ஒத்துக்கிறேன். நம்ம சீமையில சீமைக்கருவேல முள்ளு இல்லாத பாதை இல்ல. டியூபு டயருல ஏறுனா அந்த எடத்துலயே உருட்ட வேண்டியதுதான். டியூப்லெஸ்ஸுல முள்ளு குத்தியே இருந்தாலும் காத்து மெதுவாத்தான் போகும், வீடு வந்து சேந்துரலாம். அந்த ஆசைன்னா நேராச் சொல்லு. அதே ஸ்பிளெண்டருக்கு அதே கம்பெனி 18 இன்ச்சு அலாய் போட்டு வித்திருக்கு. அதுல ஒரு ஜோடி எடு. டியூப்லெஸ்ஸுக்கான ரிம்மான்னு பாத்து எடு. எல்லா அலாயும் டியூப்லெஸ் இல்ல. டயரு கொஞ்சம் தடியா வேணுமா, பின்னால 3.00-18 போடு. அகலம் மொத்தமே ஆறு மில்லிதான் கூடும். எடம் இருக்கு, இன்ஜினும் மூச்சு வாங்காது. ஹப்பு நம்மளுது, ஆக்ஸில் நம்மளுது, பிரேக் கம்பி நம்மளுது. ஆனா இதைச் சொன்னா உன் மூஞ்சி சுருங்குது. தெருவுல போறவன் திரும்பிப் பாக்க மாட்டானேன்னு.

பழைய சக்கரம் வாங்கத்தான் போறன்னா, சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனாலும் சரி, கோயம்புத்தூர் உக்கடத்துக்குப் போனாலும் சரி, புதுசா பெயின்ட் அடிச்சு மினுமினுங்கிற அலாயைத் தொடாத. அழுக்கா இருக்கிறதை எடு. அழுக்கு பொய் சொல்லாது. பெயின்ட்டுக்கு அடியிலதான் வெல்டிங் இருக்கும். ஸ்போக்ஸ் ரிம்மு பள்ளத்துல விழுந்து கோணுனா கோட்டம் எடுத்துரலாம், அலாய் விரிசல் விட்டா ஒண்ணும் செய்ய முடியாது. டயரோட வந்தா, ஓரத்துல முட்டை மாதிரி ஒரு கட்டத்துக்குள்ள நாலு எழுத்து இருக்கும். 2316-ன்னா 2016-ஆம் வருசத்து 23-ஆம் வாரம். பட்டன் எல்லாம் முழுசா இருக்கேன்னு ஏமாறாத, ரப்பருக்கும் வயசாகும். பக்கத்துலயே 42P-ன்னு இருந்தா, 42-ங்கிறது 150 கிலோ தாங்கும், P-ங்கிறது 150 கிலோமீட்டர் வேகம் தாங்கும்னு அர்த்தம். உன் வண்டி எந்தக் காலத்துலயும் அந்த வேகத்தைப் பாக்கப் போறதில்ல, நிம்மதியா இரு.

சக்கரத்தை மாத்திக்கன்னே ஒரு வண்டியைச் செஞ்சான் பாரு, பஜாஜ் சேத்தக். முன்னால 3.50-10, பின்னால 3.50-10, கூடவே ஒரு ஸ்டெப்னி, அதுவும் 3.50-10. மூணையும் எங்க வேணா மாட்டு. தெருவோரமா சாச்சு வச்சு, நட்டைக் கழட்டி மாட்டிட்டுப் போயிட்டே இருப்பாரு நம்ம பழைய வாத்தியாரு. அதைக் கிழவன் வண்டின்னு சிரிச்சீங்க. ஒண்ணை ஒண்ணுல மாட்ட விடாத வண்டிகளா வாங்கி, இப்ப ஒண்ணை ஒண்ணுல மாட்டிக்கிட்டு இருக்கீங்க.

எதுக்கு உனக்கு இம்புட்டும் சொல்றேன்னு யோசிக்கிறியா? எனக்கு இதுல ஒரு ஆதாயமும் இல்லன்னு சொல்ல மாட்டேன். பின்கொட்டாய்ல போயிப் பாத்துட்டு வா. சாக்கைத் தூக்கிப் பாரு. அம்புட்டும் உன்ன மாதிரி பேரப்புள்ளைங்க கழட்டிப் போட்ட கம்பெனிச் சக்கரம். ஸ்பிளெண்டர், பேஷன், பல்சர், ரெண்டு ஆர்எக்ஸ் 100-கூட இருக்கு. அந்த ஆர்எக்ஸ் 1996-ல நின்ன வண்டி, ஒரிஜினல் ரிம்முன்னா இன்னைக்கு அதுக்கு அலையுறான். "எடை போட்டுருவோம்"னு பழைய இரும்புக்காரன்கிட்டக் குடுக்கப் போனதை நான் வழியில மறிச்சு வாங்குனது. தேங்கா எண்ணெய் தடவி, பேரிங்குல கிரீஸ் வச்சு, காலரைக் கம்பியில கோத்து, பிரேக் கம்பியையும் சேத்துக் கட்டி, எந்த வண்டி, யாரு மகன்னு சாக்பீஸ்ல எழுதி வச்சிருக்கேன். எஃப்சிக்குப் போறப்பவோ, வண்டியை விக்கிறப்பவோ, இடுப்புல பெல்ட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில இருந்து வர்றப்பவோ, ஒவ்வொருத்தனா ராத்திரியில வருவான். "தாத்தா, அந்தச் சக்கரம் இருக்கா?"

உன் பேரு எழுத எடம் ஒதுக்கியாச்சு. 36 கம்பியும் முழுசா இருக்கா, கோட்டம் இல்லையான்னு ஞாயித்துக்கெழமை நானே வந்து சுத்திப் பாத்து எடுத்துக்கிறேன், பட்டறைக்காரன் காலரை எங்கயும் தூக்கிப் போட்டுராமப் பாத்துக்க. எனக்கு நீ குடுக்குற வெலை 400 ரூபா. உனக்கு நான் திருப்பிக் குடுக்குற வெலை 1,200. இப்பவே சொல்லிட்டேன், அன்னைக்கு வந்து சொந்தக்காரன்னு உறவு கொண்டாடக் கூடாது.